துண்டு போட்ட நாற்காலி

அந்தப் பெட்டியைப் பாதி விலைக்கு அமுக்கிவிட்டேன் என்று கொஞ்ச நாள் பெருமை பேசித் திரிந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை வெளியே வைத்தே படிக்கிற பெட்டி. டாக்கிங் ஸ்டேஷன் என்பார்கள். பார்க்கக் கறுப்பு டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். மேலே இரண்டு பள்ளம். அதில் டிஸ்க்கை நெட்டுக்குத்தலாகச் சொருகி, பின்னால் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் நீல விளக்கு எரியும். ஒயரை லேப்டாப்பில் மாட்டினால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் திரைக்கு வந்துவிடும். எனக்குச் சேமித்து வைக்க அப்போது ஒன்றும் கிடையாது. கொஞ்சம் சினிமாப் படம், ஊர்க் கோயில் கொடையில் எடுத்த போட்டோ, அவ்வளவுதான். அடுத்தவர் வீட்டு டிஸ்க்கைத் திறந்து காட்டி நல்ல பேர் வாங்கத்தான் அதை வாங்கினேன். வாங்கிய பேர் என்ன என்பதை இப்போது எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம். ஐடிஐ முடித்த கையோடு ஒரகடத்துக்கு வந்தவன். கம்ப்யூட்டர் கம்பெனியில் லைன் ஆப்பரேட்டர் வேலை. என் முன்னால் ஒரு பெட்டி வந்து நிற்கும். பின்பக்கத் தகட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்குவேன். பெட்டி நகர்ந்துவிடும், அடுத்தது வரும். ஷிஃப்ட் முழுக்க அதுதான். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஊரில் அம்மா, மகன் கம்ப்யூட்டர் செய்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நானும் திருத்தவில்லை. சும்மா வருகிற மரியாதையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முதலில் ஒரகடத்தில் என் ஊர்க்காரன் ஒருத்தனோடு ஒரு ரூமில் இருந்தேன். மெஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. ஹோட்டலில் தின்றால் கட்டுப்படியாகாது, சமைக்க இருவருக்கும் சோம்பல். அதனால் முகூர்த்த ஞாயிறுகளில் வல்லக்கோட்டைக்குக் கிளம்பிவிடுவோம். முருகன் கோயில் பக்கம் எந்த மண்டபத்திலாவது கல்யாணம் நடக்கும். எங்களை மாதிரி ரூம் பையன்கள் நிறையப் பேர் அப்படித்தான் போனார்கள். அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை.

அதற்கென்று எங்களுக்கு ஒழுங்குமுறை உண்டு. வாசல் வளைவில் எழுதியிருக்கும் மணமக்கள் பெயரைப் படிக்கக் கூடாது. படித்தால் முகத்தில் திருட்டுக் களை வந்துவிடும் என்பது என் கூட்டாளியின் கண்டுபிடிப்பு. மணமேடைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பன்னீர் தெளிக்கிற இடத்தில் பவ்யமாகச் சந்தனம் தொட்டுக்கொண்டு நேராகப் பந்திக்குப் போய்விட வேண்டும். யாராவது கேட்டால், மாப்பிள்ளையோட ஃப்ரெண்டு. என்னிடம் மெரூன் கலரில் ஒரு முழுக்கைச் சட்டை இருந்தது. நல்லதாக இருந்தது அது ஒன்றுதான். ரூமில் அதற்குப் பெயரே கல்யாணச் சட்டை.

அந்தக் கல்யாணங்களில் ஒன்றை மட்டும் ரூமுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்போம். ஃபேனுக்கு நேர் கீழே நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்து பாயசம் வரைக்கும் வந்துவிட்டோம். அப்போது பின்னால் ஒருத்தர் வந்து நின்றார். பட்டுக்கரை வேஷ்டி, முறுக்கு மீசை, கனத்த உடம்பு. என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. சாப்பிடுகிறவர் எழுந்ததும் உட்காரலாம் என்று பின்னால் நிற்பது எல்லாப் பந்தியிலும் உள்ளதுதான். ஆனால் திருட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவனுக்கு அது தோன்றாது. நம்மைப் பிடிக்கத்தான் நிற்கிறார் என்று முடிவு கட்டிவிட்டோம். எழுந்தால் தோளில் கை போட்டு, நீ யார் வீட்டுப் பிள்ளை என்பார். இலை முன்னால் இருக்கிறவரைக்கும் கேட்க மாட்டார். அதனால் எழவே இல்லை. மறுபடி சோறு கேட்டோம், மறுபடி ரசம், மோர், இன்னொரு கரண்டி பாயசம். என் கூட்டாளி ஊறுகாயை நக்கி நக்கி நேரத்தை ஓட்டினான். கடைசியில் அவர் நாற்காலியை விட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். "மீசைக்காரரை ரசம் குடிச்சே விரட்டிட்டோம்லே" என்று அவன் சொல்லும்போது, கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும்தான்.

அப்புறம் இருவரும் மண்ணூருக்குக் குடி மாறினோம். அங்கே பையன்களுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. குடிப்பார்கள், கூச்சல் போடுவார்கள், வயசுப் பெண் இருக்கிற தெரு என்று விரட்டிவிடுவார்கள். மாடி ரூமைப் பார்க்கப் போனபோது வீட்டுக்கார அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தக் கம்பெனி?"

சொன்னேன்.

"கம்ப்யூட்டரா? படிச்ச புள்ளைங்களா கீது. இருந்துக்கட்டும்" என்று புருஷனிடம் திரும்பிச் சொன்னார். வீட்டுக்காரர் தலையாட்டினார். தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்த காசில் வீடு கட்டி, மாடியில் வாடகைக்கு ரூம் போட்டு, தானும் ஒரு கம்பெனியில் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வீட்டுக்கார அம்மா எங்களை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். கறிக்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்கு வரும். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கும்போது தெருவில் பசங்கள் கத்தினால் விரட்டுவார். ஒரு நாள் பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க். மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

"ஆயுத பூஜைக்கு வெச்சேன்" என்றார். "இதுக்குள்ள எங்க பெரிய பொண்ணு கல்யாணம் மொத்தமும் கீதாம். வீடியோக்காரன் கடைய காலி பண்ணிக்கினு போறப்ப குடுத்துட்டுப் போனான். ஒருத்தனுக்கும் தொறக்கத் தெரியல. உன்னால ஆவுமா தம்பி?"

"இதென்னம்மா, தினமும் இதோடதான கெடக்கோம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு ஹார்ட் டிஸ்க்கை நான் கையில் தொட்டதுகூட இல்லை.

கல்யாண டிவிடி அவர்களிடம் இருந்தது. அதில் இல்லாத ஒன்றுக்காகத்தான் டிஸ்க்கைத் திறக்க நினைத்தார். அவருடைய அண்ணன், கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன், அன்றைக்குச் சாப்பிடாமலே மண்டபத்தை விட்டுப் போயிருக்கிறார். என்னைப் பந்தியில் நிற்க வைத்தார்கள், உட்காரு என்று சொல்ல ஒரு நாதியில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. மச்சானுக்கென்று என் துண்டையே நாற்காலியில் போட்டு இடம் பிடித்து வைத்தேன், அவர் சண்டைக்கென்றே வந்தவர் என்பது வீட்டுக்காரர் கட்சி. துண்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது, மச்சான் புளுகுகிறார் என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். அதோடு போக்குவரத்து அறுந்தது.

"எங்க அம்மா செத்தப்பகூட நாங்க பேசிக்கல தம்பி. அவரு அந்தப் பக்கம் நின்னுகினு அழுதாரு, நான் இந்தப் பக்கம்."

இப்போது அந்த அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அத்தை இல்லாமல் எப்படி என்று சொந்தக்காரர்கள் அவரை அரித்தார்கள். அவர் ஒரு வழிக்கு இறங்கி வந்தார். துண்டு போட்டதை வீடியோவில் காட்டினால் பத்திரிகை வைக்கிறேன். இல்லையென்றால் மச்சான் எல்லோர் முன்னாலும் தப்பு என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் வீம்புக்காரர். செய்யாத தப்பைச் சொல்ல மாட்டார். டிவிடியில் பந்தி மொத்தத்தையும் வெட்டி ஒரு பாட்டுக்குள் அடக்கியிருந்தார்கள். அம்மாவுக்கு டிஸ்க்கை விட்டால் வேறு கதி இல்லை. அண்ணன் மகள் தலையில் அட்சதை போட முடியுமா என்பது அந்தக் குங்குமம் வைத்த டிஸ்க்கில் இருந்தது.

கேட்டுக்கொண்டேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

லைன் லீடரிடம் விசாரித்தபோது, இதற்கு டாக்கிங் ஸ்டேஷன் வேண்டும் என்றார். கூட்டாளியின் போனில் தேடினோம். பண்டிகைத் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வாங்கித் திருப்பி அனுப்பிய பீஸ், அட்டை நசுங்கியது, பாதி விலை. எங்கள் தெருவைக் கண்டுபிடித்து வந்த கூரியர்காரர் கிடையாது என்பதால் எல்லோரும் கம்பெனி கேட் விலாசத்தைத்தான் கொடுப்போம். சட்டை, ஷூ எல்லாம் செக்யூரிட்டி ரூமில் வந்து கிடக்கும். நானும் அதையே கொடுத்தேன். டேட்டா சம்பந்தப்பட்ட எதையும் கேட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அது நினைவுக்கு வரவில்லை.

லைனிலிருந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். தொப்பியும் நீலக் கோட்டுமாகப் போய் நின்றேன். மேசைமேல் என் பெட்டி பிரித்துக் கிடந்தது. செக்யூரிட்டி அதைத் தொடப் பயந்தவர் மாதிரி பேனாவால் புரட்டிக்கொண்டிருந்தார். எச்ஆர் ஆபீஸிலிருந்து வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும்.

"நீங்க ஆப்பரேட்டர்தானே? உங்களுக்கு என்ன டேட்டா?"

வீட்டுக்கார அம்மாவின் துண்டுச் சண்டையை அங்கே எப்படிச் சொல்வது? "சும்மா சார், படம் வைக்க" என்றேன். செக்யூரிட்டி சிரித்துவிட்டார். ஷிஃப்ட் முடிந்து கேட் பாஸ் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எச்ஆர்காரர் கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் அன்று முழுக்கச் சுருக் சுருக்கென்று குத்திக்கொண்டே இருந்தது. ஸ்க்ரூ முடுக்குகிறவனுக்கு என்ன டேட்டா?

பெட்டியின் பிளக் நம் ஊர்ச் சுவரில் நுழையாத தட்டை முள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கன்வர்ட்டர் வாங்கி மாட்டினேன். டிஸ்க்கின் குங்குமத்தை ஊதித் துடைத்துவிட்டுச் சொருகி, ஒயரை என் பழைய லேப்டாப்பில் மாட்டினேன். நீல விளக்கு எரிந்தது. உள்ளே வீடியோ வீடியோவாக வரிசையில் நின்றது. முதல் ஃபைலைத் தட்டியதும் நாதஸ்வரம் வந்தது, பெண்ணுக்கு யாரோ பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் துள்ளிக் குதிக்காத குறை. அங்கேயே நிறுத்திவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, "வந்துடுச்சும்மா!" என்றேன். அம்மா இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடக்கினார். மீதி ஃபைல்களை நான் பார்க்கவே இல்லை. அடுத்தவர் கல்யாணத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்தார். திருப்பதிக்குப் போய்வந்த மொட்டைத் தலை, மழித்த முகம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வேன் வைத்து ஓட்டுகிறவர். தங்கை முகத்தைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர்ச் சொம்பை நீட்டியும் தொடவில்லை. வீட்டுக்காரர் எதிர்ச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பெட்டியையும் லேப்டாப்பையும் டிவி மேசையில் வைத்து, டிவிக்கு ஒயர்களை மாட்டினேன். பெரிய மனிதர்கள் முன்னால் நிற்கப்போகிறோம் என்று கல்யாணச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தேன். கூட்டாளி, பலகாரம் கிடைக்கும் என்று கூட வந்திருந்தான்.

"மொத்தமும் பாக்க எனக்கு நேரமில்ல" என்றார் அண்ணன். "பந்திய போடு."

தேடித் தட்டினேன். பச்சைச் சாயம் அடித்த தூண்கள் வந்தன. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே ஃபேன். அந்தத் தூண்களை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றிய நேரத்தில் கூட்டாளி என் தொடையைக் கிள்ளினான்.

திரையில் வீட்டுக்காரர் வேகமாக நடந்து வந்தார். தோளில் இருந்த துண்டை உருவி ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டு, யாரையோ கூப்பிடப் போனார்.

"பாத்தியா!" என்று வீட்டுக்காரர் கத்திவிட்டார். "மச்சான்! பாத்துக்க, என் துண்டு!"

கேமரா பெண்கள் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. மெரூன் சட்டை போட்ட ஒருத்தன் அந்தத் துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், துண்டை எடுத்தது எனக்கு ஞாபகமே இல்லை. எத்தனையோ தடவை சொன்ன கதையில் அந்தத் துண்டு வந்ததே கிடையாது.

லேப்டாப்பை மூடிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். மூடினால் மட்டும்? கேமரா எங்கள் வரிசைக்கே வந்து நின்றது. கல்யாண வீடியோக்காரர்களுக்குச் சாப்பிடுகிறவன் வாயைப் படமெடுப்பதில் என்ன ஆனந்தமோ. நான் வாயைத் திறந்து கவளம் போடுவது அந்தப் பெரிய டிவியில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் முறுக்கு மீசையோடு ஒருத்தர் வந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பரிமாறுகிறவர்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் வாளியோடு குறுக்கே ஓடினார், பார்க்கவில்லை. மீசைக்காரர் நின்றார். நான் பாயசம் கேட்டேன். அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார், யாராவது கூப்பிடுவார்களா என்று. அந்த முகத்தில் ஆளைப் பிடிக்க வந்தவரின் களை ஒன்றும் இல்லை. பசியும், நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமும்தான் இருந்தது. நான் மறுபடி ரசம் கேட்டேன்.

"அண்ணா, எவ்ளோ நேரம் நின்னுகினே கீற" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள்.

அம்மாதான் எனக்கு வழிவிட்டுக் கேட்டார். "நீ மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சவனா தம்பி? சொல்லவே இல்லியே?"

"ஆமாம்மா, மாப்பிள்ளையோட ஃப்ரெண்டு" என்று கூட்டாளி முந்திக்கொண்டான். பழக்கதோஷம்.

"அப்டியா? மாப்ள எங்க வேலை பாக்கறாரு, சொல்லு" என்றார் வீட்டுக்காரர்.

அவன் என்னைப் பார்த்தான். அந்த வீட்டில் தின்ற கறிக்குழம்பெல்லாம் நெஞ்சுக்கு ஏறி வந்தது.

"யாரையும் தெரியாதும்மா" என்றேன். "ஞாயித்துக்கெழம மெஸ் லீவு. சாப்பிட வந்தோம். ஐயா பின்னால நின்னது, எங்களைப் பிடிக்க நிக்காருன்னு நெனச்சோம். அதான் எந்திரிக்கல."

அண்ணன் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"என்னிய பாத்தா பயந்துகினு துன்ன?" என்றார்.

தலையாட்டினேன்.

மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். "யோவ் மச்சான், நீ துண்டு போட்டது நெசம். நான் நின்னதும் நெசம். நடுவுல பூந்தவன இத்தன நாளா உன் வூட்டு மாடியிலயே வெச்சுகினு சோறு போடறியே!" வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அண்ணன் தண்ணீர்ச் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா செத்தப்ப உன் மூஞ்சிய பாக்க முடியலயே" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. ஆனால் ஒயரெல்லாம் என்னுடையது. அவர்கள் அழுது முடிகிற வரைக்கும் மெரூன் சட்டையோடு டிவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திரையில் நான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ரூமைக் காலி பண்ணு என்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் மாடிக்குக் கிண்ணம் வந்தது. நான் அதைத் தொடவில்லை, கூட்டாளிதான் இரண்டு பங்கையும் தின்றான். "அவுகளே சிரிச்சிட்டாகல்லா, பெறவு ஒனக்கு என்னலே?" என்றான். திட்டியிருந்தால் முறைத்துக்கொண்டாவது இருக்கலாம். சிரித்துவிட்டார்களே, என்ன செய்வது? ஒரு அண்ணனும் தங்கையும் தாய் பிணத்துக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக நின்று அழுதபோது, நான் ஏதோ ஒரு ரூமில் மீசைக்காரர் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருப்பேன். கணக்குப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது.

அடுத்த வாரம் அண்ணன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க வந்தார். கீழே வைத்துவிட்டு மாடிக்கும் ஏறி வந்தார். மஞ்சள் தடவிய பத்திரிகை, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. இங்கே வந்த பிறகு என் கையில் முறையாகக் கொடுக்கப்பட்ட முதல் கல்யாணப் பத்திரிகை அது.

"இந்தத் தபா பத்திரிகையோட வா" என்றார். "உனக்கு நானே துண்டு போட்டு வெக்கறேன். எவன் எடுக்கறான்னு பாக்கறேன்."

சிரித்தேன். கட்டாயம் வாரேன் ஐயா என்றேன். கல்யாணம் நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நானே சூப்பர்வைசரிடம் போய் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மாவிடம், விட மாட்டேங்கிறாங்கம்மா என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. காலையில் பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக அவர் வேனில் ஏறுவதைப் பார்த்துவிட்டு நான் கம்பெனி பஸ் பிடித்தேன். கூட்டாளி போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தேங்காய்ப் பையோடு வந்தான். "ஒன்னய ரொம்பக் கேட்டாகலே" என்றான். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அம்மா மறுபடி ஒரு டிஸ்க்கோடு படி ஏறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க தம்பிகிட்ட பொட்டி கீது, மொத்தத்தையும் டிஸ்க்லயே குடுன்னு வீடியோக்காரன்கிட்ட சொல்லி வாங்கியாந்தேன். நீதான் வர்ல, பாரு."

சொருகினேன். நீல விளக்கு எரிந்தது. நலங்கு வைக்கும்போது அம்மா தெரிந்தார், அண்ணன் பக்கத்திலேயே நின்றார். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அப்புறம் பந்தி வந்தது. வேறு மண்டபம், நல்ல கூட்டம். வரிசையாக இலைகள், குனிந்த தலைகள், நடுவில் ஒரு நாற்காலி மட்டும் காலி. அதில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. முன்னால் இலையும் போட்டிருந்தது. அடுத்த பந்தியிலும் அந்த நாற்காலி காலி. உட்காரப் போன ஒருத்தரை அண்ணன் கையைப் பிடித்து வேறு பக்கம் அனுப்பிவிட்டு, வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

கடைசிப் பந்தியில் அந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு வயதான அம்மா வந்து நின்றார். இடுப்பில் குழந்தை. துண்டைப் பார்த்தார், உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். கேமரா நகர்ந்துவிட்டது.

"நல்லா வந்துகீதா தம்பி?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்.

"நல்லா வந்திருக்கும்மா" என்றேன்.

அவர் இறங்கிப் போன பிறகு அந்த இடத்தை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். குழந்தையோடு நின்ற அந்த அம்மாவுக்கு இடம் கிடைத்ததா என்பது வீடியோவில் இல்லை.